இருதரப்புக்கும் அக்கறையுள்ள பிற விஷயங்கள்

1

சில வாரங்களுக்கு முன் எங்கள் தெரு முனையில் இரண்டு நாட்டுக் கொடிகளையும் சேர்த்துக் கட்டினார்கள். நம் கொடி தலைகீழாக இருந்தது. பச்சை மேலே, காவி கீழே. காய்கறி வாங்கப் போன நான், ஏணியில் நின்ற ஆளிடம் சொன்னேன். அவன் இறங்கி வந்து, தள்ளி நின்று பார்த்துவிட்டு, இப்படியும் நன்றாகத்தான் இருக்கிறது என்றான். உங்கள் கொடியைத் தலைகீழாகக் கட்டினாலும் நன்றாக இருக்குமா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கேட்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஏற்கெனவே சிறையில் இருந்தார். அது போதும்.

இரண்டு நாடுகளும் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு ஒரு வருடம் நிறைந்ததற்காக இந்தக் கொடிகள். வானொலியில் நம் ஊர் நாதஸ்வரம் வைத்தார்கள். பாதியில் நிறுத்திவிட்டு அரிசி ஏற்றுமதி பற்றிப் பேசினார்கள்.

நான் இருக்கும் நாட்டின் பெயரை இதில் எழுதப்போவதில்லை. வங்கக் கடலைத் தாண்டிக் கிழக்கே இருக்கிறது. அரிசி நிறைய விளைகிறது. நம்மவர்கள் நிறையப் பேர் கடை வைத்திருந்தார்கள். இப்போது எந்தக் கடையும் நம்மவர்கள் கையில் இல்லை. இவ்வளவு சொன்னால் இதைப் படிக்கிற காஞ்சிபுரத்துக்காரர்கள் யாருக்கும் எந்த நாடு என்று தெரிந்துவிடும். பெயரை எழுதியிருந்தால் இந்தத் தாள்கள் கப்பல் ஏறியிருக்காது. எப்படி ஏறின என்றும் கேட்காதீர்கள்.

எங்கள் புடவைக் கடையையும் அறுபதுகளின் நடுவில் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. இப்போது அது மக்கள் கடை. என் வீட்டுக்காரர் புடவை விரித்துக் காட்டிய மேஜையில் எண்ணெய் அளந்து கொடுக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் நானும் அங்கே குப்பியோடு வரிசையில் நிற்கிறேன். மேஜையின் மூலையில் கத்தரிக்கோல் பட்ட வடு இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்காமல் எண்ணெய் வாங்கிவரப் பழகிக்கொண்டேன். ஜாக்கெட் தைப்பது, மிச்சம் இருக்கிற தமிழர் வீட்டுக் கல்யாணங்களில் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுவது, இதுதான் இப்போது என் பிழைப்பு.

2

என் வீட்டுக்காரர் ஏன் சிறைக்குப் போனார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பலவிதமாகப் பேசுகிறார்கள் என்று என் அண்ணன் எழுதியிருந்தார்.

பட்டுப்புடவை கிழிந்தால் காஞ்சிபுரத்தில் யாரும் தூக்கி எறிவதில்லை. பழைய ஜரிகை வாங்குகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வருவார். அவரிடம் போடுவோம். பார்டரையும் முந்தானையையும் வெட்டி எரித்து, சாம்பலை உருக்கினால் வெள்ளி இறங்கும். இதை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இந்த நாட்டுச் சுங்கத்துறைக்குச் சொல்லத் தேவையிருந்தது. நாங்கள் சொல்லவில்லை.

கடை போன பிறகு அவர் சும்மா உட்காரவில்லை. தமிழர் வீடுகளுக்குப் போய்க் கிழிந்த பட்டுப்புடவைகளை வாங்கி, மூட்டை கட்டி, பெரிய காஞ்சிபுரத்தில் என் அண்ணனுக்குக் கப்பலில் அனுப்பினார். அவருடைய அப்பா செய்தது, தாத்தா செய்தது. துறைமுகத்தில், உள்ளே என்ன என்று கேட்டார்கள். பழந்துணி என்றார். நம் ஊரில் அதை வேறு எப்படிச் சொல்வார்கள்? அதிகாரி ஒரு முந்தானையைப் பிரித்து, நெருப்புக்குச்சி கிழித்துக் காட்டினார். பட்டு கருகி, ஜரிகை மட்டும் பளபளவென்று நின்றது. பொன்னும் வெள்ளியும் நாட்டை விட்டுப் போகக் கூடாது என்று அப்போதுதான் சட்டம் போட்டிருந்தார்கள். பழந்துணி என்று பொய் சொல்லி வெள்ளி கடத்தியவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

விசாரணையில் அவர் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு இப்படித்தான் செய்வோம் என்றார். அவரைக் காப்பாற்றும் என்று நினைத்துச் சொன்ன வார்த்தை அது. அப்படியானால் ஊரே கூட்டாக இதைச் செய்கிறதா என்று கேட்டுக் கேள்வியை முடித்தார்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்து, நியாயமாத்தான் சொன்னேன் என்பது போலக் கையை விரித்தார். எனக்கு அவர் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு நியாயமாகப் பேசுகிற மனிதரை எந்த அரசாங்கத்திடமும் தனியாக அனுப்பக் கூடாது.

3

நம் தூதரகத்தில் கோபாலன் என்று ஓர் அதிகாரி இருக்கிறார். கும்பகோணம் பக்கத்துக்காரர். போகும்போதெல்லாம் உட்காரச் சொல்லி, காபி கொடுத்து, முகத்தைப் பார்த்துப் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் நான் சீக்கிரம் விழித்துக்கொண்டிருப்பேன்.

பத்திரிகைக்கு எழுதாதீர்கள், பெரியவர்களைப் போய்ப் பார்க்காதீர்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார். “சத்தம் போட்டா கெட்டுப்போயிடும்மா. இதெல்லாம் ஸைலண்டா பண்ற காரியம்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. நம் வீடுகளில் சம்பந்தம் பேசுவதில்லையா? கூடத்தில் எல்லாரும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசுவார்கள். கேட்க வேண்டியதை ஒரு மாமா கை கழுவப் போகிற இடத்தில் இன்னொரு மாமாவிடம் கேட்டுவிட்டு வருவார். நாடுகளுக்கும் கை கழுவுகிற இடம் ஒன்று இருக்கும், அங்கே கோபாலன் போய்க் கேட்பார் என்று நம்பினேன்.

அரசாங்கங்கள் பேசுகிற பாஷையை நானாகவே கொஞ்சம் கற்றுக்கொண்டேன். வேறு வேலை என்ன? இவர்கள் பேச்சுவார்த்தை நடத்தினால் மறுநாள் செய்தித்தாளில் அறிக்கை வரும். ‘மனம் திறந்து பேசினார்கள்’ என்றால் சண்டை. ‘பயனுள்ள பேச்சு’ என்றால் ஒன்றும் முடிவாகவில்லை. ‘நட்புறவு நிலவிய சூழலில்’ என்றால் சாப்பாடு நன்றாக இருந்தது. ஒப்பந்தம் கையெழுத்தான மறுநாளும் அறிக்கை வந்தது. அரிசி, தேக்கு, நூல், இயந்திரங்கள், கடன் வசதி என்று நீளமாகப் போய்க் கடைசியில், இருதரப்புக்கும் அக்கறையுள்ள பிற விஷயங்களும் பேசப்பட்டன என்று முடிந்திருந்தது.

அதை எடுத்துக்கொண்டு தூதரகத்துக்கு ஓடினேன். கோபாலன் அந்தக் கடைசி வரியில் விரலை வைத்தார். “இதப் பாத்தேளா? இதுல இருக்கார் உங்க வீட்டுக்காரர்” என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். அந்த வரியை வெட்டி எடுத்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டேன். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைக்காததுதான் குறை.

அடுத்த முறை சிறையில் பார்த்தபோது கம்பி வழியாக அவருக்கு அதைக் காட்டினேன். கண்ணாடி இல்லாததால் படிக்க முடியவில்லை. நானே படித்துச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

“அப்போ நான் பிற விசயமா? சரி வுடு. அரிசிக்குப் பின்னால நின்னுகினு இருக்கறேன். வரிசைல நிக்கிறனே, அது போதும்” என்றார்.

4

கையெழுத்துக்கு முன்பு இந்த நாட்டு மந்திரி மனைவியோடு நம் நாட்டுக்கு வந்தார். டெல்லி, ஆக்ரா, சென்னை, பிறகு ஒரு நாள் காஞ்சிபுரம். உங்களில் பலர் ரோட்டோரம் நின்று பார்த்திருப்பீர்கள். எனக்கு அண்ணன் எழுதித்தான் தெரியும்.

மந்திரியின் மனைவிக்குப் பட்டுப்புடவை பரிசளிக்க வேண்டும் என்று முடிவானது. தறி அண்ணனுடையது. நிறம் எது என்பதுதான் பெரிய பாடாகிவிட்டதாம். வெள்ளை கூடாது, அது துக்கம். சிவப்பு வேண்டாம், இங்கே மலையில் இருக்கிற கலகக்காரர்களின் கொடி சிவப்பு. மஞ்சள் துறவிகளின் நிறம், பெண்கள் உடுத்தினால் தப்பாக நினைப்பார்கள். டெல்லியிலிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து காஞ்சிபுரத்துக்கும், இங்கிருந்து டெல்லிக்கும் எழுதிக்கொண்டார்களாம். கடைசியில் மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர் என்று இரண்டு அரசாங்கங்களும் ஒத்துக்கொண்டன. அதற்குள் தறியைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் நொந்துபோனார்கள். ஒரு புடவையின் நிறத்துக்கு இத்தனை பேர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள் என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறவர்கள் ஒரு மனிதனை விட்டுவிடுவார்களா என்று எண்ணினேன்.

பெரிய கோயிலில் மந்திரிக்குப் பூர்ண கும்பம் கொடுத்து, மாலை போட்டு, மாமரத்தைச் சுற்றிக் காட்டினார்களாம். பிறகு புடவையை அண்ணன் தட்டில் வைத்துக் கொடுத்தார். அந்த ஒரு நிமிஷத்தில் தன் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை போட்டுவிட வேண்டும் என்று ஒரு வாரமாக இங்கிலீஷில் மனப்பாடம் செய்துவைத்திருந்தாராம். பின்னால் நின்ற அதிகாரி, கொடுத்துவிட்டுக் கைகூப்பி ஒதுங்குங்கள் என்று காதில் சொல்லியிருக்கிறார். “கையெடுத்துக் கும்பிட்டு ஒதுங்கி வந்துட்டேம்மா. என்ன மன்னிச்சிடு” என்று எழுதியிருந்தார். அண்ணன் என்னிடம் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஒப்பந்தத்துக்குப் பிறகு இங்கிருந்து அரிசி போக ஆரம்பித்தது. காஞ்சிபுரம் ரேஷன் கடையிலும் வந்ததாம். கொஞ்சம் மக்கல் வாடை, ஆனால் கல் இல்லை, ஜனங்க அடிச்சிகினு வாங்கறாங்க என்று அண்ணி எழுதச் சொன்னார்களாம். நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள். அதில் உங்கள் தப்பு ஒன்றும் இல்லை. பசிக்கு எந்த ஊர் அரிசி என்று தெரியாது. ஆனால் இதை எழுதாமல் விட என்னால் முடியவில்லை.

5

மாதம் ஒரு முறை சிறையில் பார்க்கலாம். வாசலில் ஒரு சின்ன ஜன்னல். யாரைப் பார்க்க வேண்டும் என்று உள்ளிருந்து குரல் வரும். என் மகன் குமார்தான் குனிந்து பதில் சொல்வான். எனக்கு இந்த ஊர் பாஷை சந்தையில் பேசுகிற அளவுக்குத்தான் வரும். இங்கே பெரியவர்களிடம் பேச ஒரு பாஷை, சமமானவர்களிடம் பேச ஒன்று, மீன்காரியிடம் பேரம் பேச ஒன்று. எனக்குத் தெரிந்தது மூன்றாவது. போலீஸ்காரரிடம் நான் பேசினால் மீனுக்கு விலை கேட்பது போல இருக்கும் என்று குமார் சொல்வான்.

அவன் இங்கேயே பிறந்தவன். பள்ளிக்கூடத்தில் இந்த நாட்டுப் பெயர் ஒன்று வைத்துக்கொண்டான். வீட்டில் நான் குமார் என்றால் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்புகிறான். தமிழ் பேசுவான், ஆனால் நடுவில் எண்ணிக்கை வந்தால் இந்த ஊர் பாஷையில் எண்ணுவான். கணக்குப் போடும்போதும் கோபம் வரும்போதும் ஒருவனுக்கு எந்த பாஷை வருகிறதோ அதுதான் அவன் பாஷை. என் பிள்ளைக்கு இரண்டுக்கும் தமிழ் வருவதில்லை.

இந்த வருடம் அவனுக்குத் துறைமுக ஆபீஸில் வேலை கிடைப்பதாக இருந்தது. குடியுரிமையும் கேட்டிருக்கிறான். போன மாதம் சிறைக்குப் போய்விட்டு வந்ததும், பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்காராமல் பின்னால் போய் உட்கார்ந்தான். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னான்.

“அடுத்த மாசம் நான் வரலம்மா. ஜெயில் நோட்டுல கையெழுத்துப் போட்டா துறைமுக ஆபீஸ்ல தெரிஞ்சிடுது. அப்பா எங்கன்னு கேக்கறாங்க. இல்லன்னு சொல்லி வச்சிருக்கறேன்.”

இல்லையென்றால் ஊரில் இல்லையென்றா, உயிரோடு இல்லையென்றா? கேட்டேன். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. அரசாங்கங்களே வாய் திறக்காத இடத்தில், வேலை தேடுகிற ஒரு பையனை மட்டும் பேசு என்று எப்படிச் சொல்வது?

6

ஒப்பந்தத்தின் முதல் வருடத்தை முன்னிட்டு விருந்து வைத்தார்கள். மந்திரியின் மனைவி காஞ்சிபுரத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு வர ஆசைப்பட்டார். தூதரகத்து அம்மாக்கள் வடக்கத்திக்காரர்கள். அந்தக் கனத்த பட்டில் கொசுவம் வைக்க அவர்களுக்கு வரவில்லை. புடவை தரையில் நின்றதாம், இடுப்பில் நிற்கவில்லை. கடைசியில் கோபாலனே காரில் வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

வழியெல்லாம் ஒரே பேச்சு. கட்டிவிடுங்கோ, சிரியுங்கோ, வந்துடுங்கோ. “அவாளா கேட்டாலும் நீங்க ஒண்ணும் பேசப்படாது. ரொம்ப நாசூக்கான கட்டத்துல இருக்கு” என்றார். என் கையில் ஊக்கு டப்பா இருந்தது. அதைத் திறந்து திறந்து மூடிக்கொண்டே வந்தேன்.

அந்த அம்மாள் ஒல்லியாக, என்னைவிடச் சின்னவளாக இருந்தாள். வெள்ளைச் சட்டைக்கு மேல் பாவாடையை இறுக்கக் கட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். புடவையைப் பிரித்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அண்ணன் தறிதான். முந்தானை கையில் கனத்தது. இதில் எவ்வளவு வெள்ளி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மூட்டை மூட்டையாக அவர் அனுப்பிய கிழிசலில் எவ்வளவு இருந்தது என்றும் தெரியும். இந்தப் புடவையை எந்தத் துறைமுகத்திலும் யாரும் நெருப்புக்குச்சி கிழித்துப் பார்க்கவில்லை. தட்டில் வைத்து, பூப் போட்டு, விமானத்தில் கொண்டுவந்திருக்கிறார்கள்.

தலையில் வைக்கப் பூ எடுத்துவர வேலைக்காரப் பெண்களை அந்த அம்மாள் அனுப்பிவிட்டாள். நான் மண்டி போட்டுக் கொசுவத்தை நீவிக்கொண்டிருந்தேன். ஒரே மடிப்பை ஏன் திரும்பத் திரும்ப நீவுகிறாய் என்று மேலிருந்து கேட்டாள். அவ்வளவுதான். மீன்காரி பாஷையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். என் வீட்டுக்காரர் சிறையில் இருக்கிறார், கிழிந்த புடவை அனுப்பினார், கடத்தல்காரர் இல்லை, உடம்பு சரியில்லை, போன மாதம் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார் என்றேன். அவள் முதலில் என் பாஷையைக் கேட்டுச் சிரிப்பை அடக்கினாள். பிறகு சிரிப்பு போய்விட்டது.

“உங்கள் தூதர் எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறார்” என்றாள். “ஏதாவது குறை உண்டா, என்ன செய்ய வேண்டும் என்று என் கணவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஒன்றும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்பார் உங்கள் தூதர். கேட்டிருந்தால் செய்திருப்பார்களே.”

கொசுவம் என் கையிலிருந்து நழுவிவிட்டது. மறுபடி எடுத்து மடித்தேன். அவள் குனிந்து, இன்றைக்கே கேட்கிறேன், அவர் பெயரைச் சொல் என்றாள்.

இங்கேதான் நடந்தது அது. உங்களுக்கு மட்டுமே புரியும். கட்டினவர் பெயரை நான் ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை. என் அம்மா சொன்னதில்லை, அத்தை சொன்னதில்லை. கடையில் யாராவது கேட்டால் பெயர்ப் பலகையைக் கையால் காட்டுவேன். கோர்ட்டில் மகன் சொன்னான், மனுவில் மகன் எழுதினான், சிறை ஜன்னலில் மகன் சொன்னான். இப்போது ஒரு நாட்டு மந்திரியின் மனைவி என் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்கிறாள். தொண்டை வரைக்கும் பெயர் வந்தது. நாக்கு எழவில்லை. ஊரில் பெண்கள் செய்வது போலவே நானும் செய்தேன். எங்கள் ஊர்ப் பெரிய கோயில் சாமி பெயர் என்றேன்.

காஞ்சிபுரத்தில் இதைச் சொன்னால் குழந்தைக்குக்கூடப் புரியும். அவள் புருவத்தைச் சுருக்கினாள். பிறகு முகம் மலர்ந்தது. “நாங்கள் போன கோயிலா? உள்ளே மாமரம் இருக்கிறதே, அதுவா?” என்றாள். ஆமாம், ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தச் சாமிக்கு என்ன பெயர் என்று அடுத்து கேட்டாள். அதுவும் அதே பெயர்தானே! சாமி பெயராகவாவது சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். கல்யாணமான நாளிலிருந்து அந்தச் சாமியையும் நான் பெரிய கோயில் சாமி என்றுதான் சொல்லிவருகிறேன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. அதற்குள் கதவைத் தட்டிவிட்டு அவர்கள் பக்கத்து அதிகாரி வந்தார், பின்னால் கோபாலன். நேரமாகிவிட்டது என்றார்கள். அந்த அம்மாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். வாசலில் திரும்பி என்னைப் பார்த்து, மாமரம், மறக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

திரும்பும்போது காரில் கோபாலன், ஒன்றும் பேசவில்லையே என்று கேட்டார். நீங்கள் எப்போதாவது கேட்டீர்களா என்று நான் அவரைக் கேட்டேன். அவர் கார்க் கண்ணாடியை ஏற்றினார். அரிசிக் கப்பல் ஏறுகிற சமயமாகிவிட்டது, நாம் ஒன்றைக் கேட்டால் அவர்கள் ஒன்றைக் கேட்பார்கள் என்று மெல்லச் சொன்னார்.

“சில விஷயங்களக் கேக்காம இருக்கறதும் ஒரு விதத்துல கேக்கறதுதாம்மா” என்றார்.

அறிக்கையின் அந்தக் கடைசி வரியை எத்தனை நாள் மணிபர்ஸில் வைத்துக்கொண்டு திரிந்தேன் என்று நினைத்தபோது, கார்க் கதவைத் திறந்துகொண்டு குதித்துவிடலாம் போல இருந்தது. கூட்டாளி போல இவ்வளவு நாளும் காபி குடித்துக்கொண்டு பேசாமல் இருந்ததில் எனக்கும் பங்கு உண்டென்று தோன்றியது. வீட்டு வாசலில் இறங்கும்போது வழக்கம்போல, வரேங்க என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

7

பார்க்கும் நாள் வந்தது. குமார் வரவில்லை. நான் தனியாகப் போனேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது பெயரை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பிறகு உதட்டை மட்டும் அசைத்தேன். எதிரில் வந்தவர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நடுத்தெருவில் முந்தானை இல்லாமல் நிற்பது போலக் கூசியது. ஆனால் அந்த அறையில் இதை ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும் என்பதை நினைத்தபோது, கூச்சம் எரிச்சலாக மாறிவிட்டது. எவன் ஏற்படுத்திய வழக்கம் இது? பெயரைச் சொன்னால் ஆயுசு குறையும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சொல்லாமல் இருந்து அவருக்கு எத்தனை ஆயுசு கூடியது?

ஜன்னலுக்குள் இருந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று குரல் வந்தது. குனிந்தேன்.

“ஏகாம்பரம்” என்றேன்.

சத்தமாகத்தான் சொன்னேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே இருந்த ஆள் பட்டியலில் விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனான். இன்னொரு தடவை கொண்டுபோனான். அப்படி யாரும் இல்லை என்றான்.

போன மாதம் இருந்தார் என்றேன். இந்த மாதம் இல்லை என்றான். வேறு சிறைக்கு மாற்றினார்களா, விட்டுவிட்டார்களா, எங்கே, யார் வந்து கூட்டிக்கொண்டு போனார்கள் என்று கேட்டேன். தெரியாது, உன் நாட்டுத் தூதரகத்தில் கேள் என்றான். ஏகாம்பரம், ஏகாம்பரம் என்று நான் மறுபடியும் சொன்னேன். அவன் ஜன்னலைச் சாத்திவிட்டான். பின்னால் நின்ற ஒரு கிழவி என் தோளைப் பிடித்து நகர்த்தினாள். அவளுக்கும் உள்ளே ஒரு பெயர் சொல்ல வேண்டியிருந்தது.

கோபாலனிடம் போனேன். அவருக்கும் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை என்று முகம் காட்டியது. காபி சொல்லக்கூட மறந்துவிட்டார். உரிய மட்டத்தில் விசாரிக்கிறோம், அதுவரை பொறுமையாக இருங்கள், யாருக்கும் எழுதாதீர்கள் என்றார். அந்த அம்மாளைப் பார்க்க இரண்டு தடவை போனேன். காவல்காரன் கேட்டுக்கு உள்ளேயே விடவில்லை. அவள் மாமரத்தை வைத்துக்கொண்டே அவரைக் கண்டுபிடித்து வெளியே விடச் சொன்னாளா, அல்லது நான் வாய் திறந்ததால் யாருக்கோ கோபம் வந்து அவரை எங்கேயோ கொண்டுபோய்விட்டார்களா, எனக்குத் தெரியாது. மூன்றாவதாக ஒன்றும் தோன்றுகிறது. அதை எழுத மாட்டேன். சிறையில் அவர் இல்லை என்று நான் வந்து சொன்ன அன்றைக்குக் குமார் எங்கேயும் போகாமல், சாப்பிடாமல் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அப்பா எங்கம்மா என்று தமிழில் கேட்டான்.

இப்படி யாரையாவது விட்டுவிட்டால், சத்தமில்லாமல் கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவது இங்கே வழக்கம் என்று கேள்விப்பட்டேன். அதனால்தான் கோபாலன் வேண்டாம் என்று சொன்னதை மீறி உங்களுக்கு எழுதுகிறேன். அவர் பெயர் ஏகாம்பரம். பெரிய காஞ்சிபுரம். கறுப்பு, உயரம், இப்போது மிகவும் இளைத்துவிட்டார். வலது காது சரியாகக் கேட்காது, இடது பக்கம் நின்று பேச வேண்டும். கண்ணாடி இல்லாததால் பஸ் போர்டைப் படிக்க முடியாது, யாரையாவது கேட்டுக்கொண்டு நிற்பார். சென்னைத் துறைமுகத்திலோ காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலோ அப்படி ஒருவரைப் பார்த்தால் பெயரைக் கேளுங்கள். மந்திரியின் மனைவிக்குப் புடவை கொடுத்த என் அண்ணன் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். முதலில் கஞ்சி கொடுக்கச் சொல்லுங்கள், சோறு வேண்டாம், வயிறு தாங்காது.

பார்க்கவில்லை என்றால், பார்க்கவில்லை என்றாவது எழுதுங்கள். இங்கே எனக்கு யாரும் எதையும் சொல்வதில்லை.